இரவு உணவு: ஏழரை முதல் ஒன்பது வரை

மதுரையில் ஒரு மனிதனைப் பட்டினி போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எந்த நேரத்தில் எந்தத் தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டாலும், கூப்பிடு தூரத்தில் யாராவது இட்லிக் கொப்பரையைத் திறந்துகொண்டிருப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், இருநூறு பேருக்குச் சமைத்த சாப்பாட்டைக் கண்ணெதிரே பரப்பி வைத்துவிட்டு, ஒரு மாப்பிள்ளை வீட்டாரை மொத்தமாகப் பட்டினி போட்டவன் நான். அதுவும் கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்தில். அதுவும் கெட்ட எண்ணம் துளிகூட இல்லாமல். (கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.)

எல்லாவற்றுக்கும் காரணம் கப்பல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஓர் உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்தது. செல்லூரில் எங்கள் சந்தில் கடலையே பார்க்காதவர்கள்தான் அதிகம். அதனால் நான் கடிதத்தில் எழுதியதெல்லாம் அங்கே வேதவாக்கு. 'உணவுப் பிரிவில் பொறுப்பான பதவி' என்று எழுதியிருந்தேன். பொறுப்பு என்னவென்றால், உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுவது. ஒன்பது மாதம் சீவினேன். கப்பல் எந்தெந்த நாட்டுக்குப் போனது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எந்த நாட்டுக் கிழங்குக்குத் தோல் தடிமன் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கப்பலின் அடுப்படிக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதில் தோசைக்கல் அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. எங்களைப் போன்ற ஆட்கள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. நான் பார்த்த கப்பல் நாகரிகம் முழுக்க அந்த வட்டத்துக்குள் தெரிந்ததுதான். நீள நீளமான மேசைகள், மேலே மலைமலையாகப் பலகாரம், நடுவில் ஐஸ் கட்டியில் செதுக்கிய மீன், தர்பூசணியில் செதுக்கிய அன்னம். வெள்ளைக்காரர்கள் தட்டும் கையுமாக வருவார்கள், வேண்டியதை அள்ளிக்கொள்வார்கள், போவார்கள். தூரத்தில் வாசலோரமாக ஒரு வெள்ளைக் கோட்டுக்காரரின் முதுகு மட்டும் தெரியும். வேளாவேளைக்கு அங்கே நின்று குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார். பாவம், இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

என்னை மயக்கியது அங்கிருந்த நேர ஒழுங்கு. காலை ஏழு முதல் ஒன்பதரை, மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு, இரவு ஏழரை முதல் ஒன்பது. ஒன்பது அடித்ததென்றால் எல்லாவற்றையும் உள்ளே தூக்கிவிடுவார்கள். அப்புறம் கேப்டனே வந்து கெஞ்சினாலும் ஒரு ரொட்டித் துண்டு பெயராது. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடியும் ஒரு விருந்து போடுவார்கள்.

லீவில் ஊருக்கு வந்து, சுருட்டை முடியும் கூலிங் கிளாஸுமாக டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்த முத்தண்ணன் கையை நிறுத்திவிட்டார்.

"ஒம்பது மணிக்குத்தான் தின்னுருக்கான். பெறகு பதினொன்னரைக்கு எதுக்குடா சோறு?"

"பசிக்காக இல்லண்ணே. அது ஒரு நாகரிகம்."

"போடா இவனே. நம்மூருல விடிய விடிய பொரோட்டா போடுறான். அதை எவனும் நாகரிகம்னு சொல்லல. இதைப் பாக்க நீ கடலைத் தாண்டிப் போனியாக்கும்?"

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்த லீவில்தான் தங்கச்சி வசந்தாவின் கல்யாணம். மாப்பிள்ளை தனபால் திருப்பரங்குன்றத்துக்காரர், அரசாங்க ஆபீசில் கிளார்க். பெண் பார்க்க வந்தபோது வசந்தா டம்ளரை நீட்ட, அவர் காபியை வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. எல்லாம் பெரியப்பா சோலைமலைதான். ஆறடி உயரம், கதர்ச் சட்டை, தோளில் துண்டு. அவர் சரி என்றால் அந்த வீட்டில் சரி, இல்லை என்றால் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, மண்டபத்துக்கு வந்து சேரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் விருந்து போட வேண்டும். அந்தச் சாப்பாட்டை என் பொறுப்பில் விடச் சொன்னேன்.

"பந்தி கிடையாதுப்பா. பஃபே."

என் அப்பா கணக்கு வாத்தியார். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். "அப்படின்னா?"

விளக்கினேன். மேசையில் எல்லாம் இருக்கும், போர்டில் நேரம் இருக்கும், வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

"யாரு கூப்பிடுவா?"

"யாரும் கூப்பிடக் கூடாதுப்பா. அதான் அதுல அழகே."

"கூப்பிடாம எவன்டா சாப்பிட வருவான்?"

இங்கே எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விசேஷ வீட்டில் ஒருவரை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட வேண்டும். முதல் தடவைக்கு அவர் "இருக்கட்டும்" என்பார். இரண்டாம் தடவைக்கு "மெல்லச் சாப்பிடலாம், இப்ப என்ன அவசரம்" என்பார். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் "அட, வாரேன்ப்பா" என்று எழுந்திருப்பார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் முதல் தடவையிலேயே எழுந்தவனைச் சோத்துக்குச் செத்தவன் என்று பேசுவார்கள். நான் பிறந்து வளர்ந்ததே இந்தச் சட்டத்துக்குள்தான். ஒன்பது மாதம் கிழங்குத் தோலோடு சேர்த்து அதையும் சீவிப் போட்டுவிட்டேன்.

வசந்தா கெஞ்சிப் பார்த்தாள். "அண்ணே, இதெல்லாம் உன் கல்யாணத்துல வச்சுக்கயேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. திருப்பரங்குன்றமே பேசப்போகுது பாரு" என்றேன். (அந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னேன்.)

அன்று சாயங்காலம் நான் கோட்டு போட்டுக்கொண்டேன். மதுரை வெயிலில், மண்டபத்து அடுப்படிக்கும் ஹாலுக்குமாக ஓட, கோட்டு. ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூள் போர்த்தி ஒரு முழுக் கட்டி வந்து இறங்கியது. உளியை வாங்கி மீன் செதுக்கினேன். ஏழரைக்கு அது பார்சோப்பு மாதிரி ஆகி, மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தர்பூசணி அன்னத்தைப் பார்த்த சமையல் மாஸ்டர் ராமையா, "கோழியைக் கழுத்துல மிதிச்சுட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் மனசுக்குள் வேறொரு கவலையும் இருந்தது.

"பரிமாற ஆள் வேணாம்னுட்டீங்க, சரி. இலையும் வேணாமா?"

"தட்டு மாஸ்டர், தட்டு. இலையெல்லாம் அந்தக் காலம்."

அவர் அடுப்படிக்குத் திரும்பிப் போனார். நான் அம்மாவையும் அத்தைமாரையும் வரிசையாக நிறுத்தி உத்தரவு போட்டேன். யாரும் யாரையும் "சாப்பிட வாங்க" என்று சொல்லக் கூடாது, சொன்னால் பட்டிக்காட்டுத்தனம். அப்பாவின் பள்ளிக்கூடத்திலிருந்து கைமணி ஒன்றை வாங்கிவந்திருந்தேன். ஹால் வாசலில் போர்டு வைத்தேன்: 'இரவு உணவு 7.30 – 9.00. நள்ளிரவுச் சிற்றுண்டி 11.30. விரும்பியவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளவும்.'

ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனிலும் பஸ்ஸிலுமாக வந்து இறங்கினார்கள். வரவேற்பு, சந்தனம், கல்கண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழரைக்கு மணி அடித்தேன். அவர்கள் ஹாலுக்குள் வந்தார்கள், நடுவே இருந்த மேசைகளைப் பார்த்தார்கள், சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீடு கை நனைக்காமல் பெண் வீடு எப்படிச் சாப்பிடும்? நடுவில் பூரி, கிழங்கு, வெஜிடபிள் பிரியாணி, கேசரி, தயிர்வடை. இரண்டு பக்கமும் இருநூறு பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகா, மலைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அங்கே என்ன பேச்சு நடந்தது என்று மாப்பிள்ளை பிறகுதான் என்னிடம் சொன்னார். கல்யாண வீட்டில் மேசையில் பரப்பி வைப்பது சீர்வரிசையைத்தானே? பழத்தட்டு, பாத்திரம், வெள்ளிக் குத்துவிளக்கு இதையெல்லாம் பார்ப்பதற்குத்தானே வைப்பார்கள்? இதையும் சீர் என்றே நினைத்துவிட்டார்கள்.

"பெரியப்பா, பூரியைக்கூடவா சீர்ல வைப்பாங்க?"

"செல்லூர்ப் பக்கம் வழக்கம்போல இருக்கு. பேசாம இரு."

"ஐஸ் கட்டி எதுக்கு?"

"பூரி ஊசிப்போயிரக் கூடாதுல்ல."

ஒரு சின்னப் பெண் கேசரிப் பக்கம் போய்விட்டாள். அவள் அம்மா ஓடிவந்து, "கூப்பிடாம போகலாமாடி?" என்று தலையில் ஒரு குட்டுக் குட்டி இழுத்துப்போனாள். என் அம்மா முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் நான் முறைத்தேன்.

எட்டரைக்குச் சோலைமலை மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, ராத்திரிக்கு என்ன ஏற்பாடு?"

பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "எல்லாம் போர்டுல போட்டிருக்கு மாமா" என்றேன்.

மனிதர் எழுந்துபோனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டை ஓர் எழுத்து விடாமல் படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. கோட்டுக்குள் எனக்கே புழுங்குகிறதே, அவருக்கும் புழுக்கம்தான் என்று ஒரு பையனைக் கூப்பிட்டு ஃபேனைக் கூட்டச் சொன்னேன்.

மணி ஒன்பது. கைமணியை எடுத்து 'டண் டண் டண்' என்று அடித்தேன். "தூக்குங்க!" என்றேன். ராமையா மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, ஒரு பூரிகூடக் குறையலயே?"

"ஒன்பதுன்னா ஒன்பதுதான் மாஸ்டர். பசிச்சா பதினொன்னரைக்கு இருக்குல்ல."

இருநூறு பேர் கண்முன்னே பிரியாணி அண்டா உள்ளே போனது. பூரி போனது. கேசரி போனபோது அந்தச் சின்னப் பெண் வீறிட்டு அழுதாள்.

சோலைமலை மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கப்பா எல்லாரும். டிரைவரை வண்டியை எடுக்கச் சொல்லு."

அப்பா பதறிப்போய் முன்னால் ஓடினார். "சம்பந்தி, என்ன ஆச்சு? என்ன குறை?"

"ஒரு குறையுமில்லங்க வாத்தியாரே. எங்களுக்கு வீட்டுல சோறு இல்லாம இங்க வரல. 'வாங்க, சாப்பிடுங்க'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இங்க ஒருத்தருக்கும் வாய் வரல. விரும்புறவன் எடுத்துக்கிறணுமாம். கூப்பிட வாயில்லாத வீட்டுல நாளைக்கு எங்க புள்ள எப்படிங்க வந்து கை நனைப்பான்?"

விடுவிடுவென்று எல்லாரும் வேனிலும் பஸ்ஸிலுமாக ஏறினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு காலை வேனிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றார். (இன்றுவரை முக்கியமான எந்த முடிவையும் அவர் அப்படித்தான் எடுப்பார்.) நான் கோட்டும் கைமணியுமாக முன்னால் போய், "மாமா, கப்பல்ல..." என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து என் கோட்டை யாரோ இழுத்தார்கள். வசந்தா. பட்டுப் புடவையும் பாதி வைத்த பூவுமாக வாசலுக்கே வந்துவிட்டாள். கண்ணில் மை கலைந்திருந்தது. அவளை அப்படிப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நாளை காலை இவள் கழுத்தில் தாலி ஏறாமல் போனால் அதற்கு நான்தான் காரணம். ஐஸ் மீனும் தர்பூசணிக் கோழியும்தான் காரணம்.

"நீ பேசாத அண்ணே. நீ வாயைத் தொறந்தா கப்பல்தான் வரும்" என்றாள்.

படி இறங்கி வேன் ஜன்னலருகே போய் நின்றாள். முதல் நாள் ராத்திரி கல்யாணப் பெண் வாசலைத் தாண்டக் கூடாது என்று அத்தை முனகினாள். யாரும் கேட்கவில்லை.

"மாமா, சாப்பிட வாங்க."

சோலைமலை மாமா டிரைவரின் முதுகைப் பார்த்தபடியே, "இருக்கட்டும்மா" என்றார்.

அப்பா என் தோளை இறுகப் பிடித்தார். "ஒண்ணு" என்றார் காதோரமாக. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிஜமாகவே கோபித்துப் போகிறவர் "வேணாம்" என்றல்லவா சொல்வார்?

"எங்க அப்பாவும் அம்மாவும் மத்தியானத்துலேருந்து பச்சைத்தண்ணி குடிக்கல மாமா. நீங்க வந்து உக்காந்தாத்தான் அவுக சாப்பிடுவாக. வாங்க."

"மெல்லச் சாப்பிடலாம்மா. இப்ப என்ன அவசரம்."

"ரெண்டு" என்றார் அப்பா.

வசந்தாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டாள். அழுதுகொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "எனக்கும் பசிக்குது மாமா. எறங்கி வாங்க, சேந்து சாப்பிடுவோம்."

"அட, வாரேன் தாயி. அழுகாத" என்று அவர் எழுந்தார்.

"மூணு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கோட்டு போட்டவன் அழக் கூடாது என்று அடக்கினேன்.

என் தண்டனை பாக்கியிருந்தது. மாமா கீழே இறங்கி என் எதிரே நின்றார். "பொண்ணு கூப்பிட்டுச்சு, நான் வந்துட்டேன். மத்தவங்களை நீ கூப்பிடு. மொத்தமா இல்ல. ஆளாளுக்கு."

ஆளாளுக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு மூன்று தடவை. அவர்களும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் மிச்சமில்லாமல் "இருக்கட்டும்" என்றார்கள், "மெல்லச் சாப்பிடலாம்" என்றார்கள். சிலர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிக் கூப்பிட்டேன். கேசரிப் பெண்ணையும் மூன்று தடவை கூப்பிட்டேன். டிரைவர் நான்காவது தடவைக்குத்தான் எழுந்தார். முடிப்பதற்குள் என் தொண்டை கட்டிப்போனது.

இனிப் பந்திதான், இலைக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டு நின்றபோது, ராமையா மாஸ்டர் கொல்லைப்புறத்திலிருந்து இலைக்கட்டுகளைத் தூக்கிவந்து போட்டார்.

"நீங்க வேணாம்னு சொன்னப்பவே வாங்கி நனைச்சு வச்சுட்டேன் தம்பி. நானும் எம்புட்டுக் கல்யாணம் பாத்திருக்கேன்."

பரிமாற ஆள் இல்லாததால் நானே கோட்டோடு கிழங்கு வாளியைத் தூக்கினேன். முதல் இலையில் மாமா உட்கார்ந்தபோது மணி சரியாகப் பதினொன்றரை. என் போர்டில் போட்டிருந்தபடி நடந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

மறுநாள் காலை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "மச்சான், கப்பல்ல நெசமாவே யாரும் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார். "மாட்டாங்க" என்று அடித்துச் சொன்னேன். குரல் வராததால் சைகையில் சொன்னேன்.

லீவு முடிந்து கப்பலுக்குப் போனதும் எனக்குப் பதவி உயர்வு வந்தது. கிழங்கிலிருந்து தட்டுக்கு. கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டு முதல் முறையாக அந்த வட்டக் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஹாலுக்குள் போனேன். வாசலில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் நின்றார். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயெல்லாம் சிரிப்பு. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, குனிந்து, "வாங்க, வாங்க, சாப்பிடுங்க" என்று இங்கிலீஷில் அழைத்துக்கொண்டிருந்தார். வேளாவேளைக்கு அவருக்கு அதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம். இடுப்பில் ஒரு பிடிப்பும் இல்லை. தட்டுகளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மனசு கேட்காமல் இதை வசந்தாவுக்கு எழுதினேன். இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. 'அண்ணே, அந்தக் கதவை முதல் வருசமே திறந்து பாத்திருந்தால் எங்களுக்கு அம்புட்டுச் சிரமம் இருந்திருக்காது.'

இப்போது அவள் ஆனையூரில் சொந்த வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனாலும் நான் போகும்போதெல்லாம் அவள் வீட்டு வாசலில் பேரனின் சிலேட்டு தொங்கும். 'மதிய உணவு 12 – 2. விரும்பியவர் எடுத்துக்கொள்ளவும்.' மேசையில் எல்லாம் மூடி வைத்திருக்கும். ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். மாப்பிள்ளை என் எதிரிலேயே உட்கார்ந்து, அயிரை மீன் குழம்பை ரசித்து ரசித்துச் சாப்பிடுவார். நான் பேப்பரைப் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். அந்த ராத்திரிக்குப் பிறகு, கூப்பிடாத சாப்பாட்டுக்கு நான் எழுந்ததே கிடையாது.

போன வாரமும் அப்படித்தான். இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வசந்தா மனசு இரங்கி வந்து நின்றாள்.

"அண்ணே, சாப்பிட வா."

என்ன இருந்தாலும் முதல் தடவையிலேயே எழுந்துவிட முடியுமா?

"இருக்கட்டும்மா" என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பேரன் எங்கிருந்தோ ஒரு கைமணியை எடுத்துவந்து 'டண் டண் டண்' என்று அடித்தான். வசந்தா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். அறுபத்தைந்து வயதில், அந்த அயிரை மீன் குழம்புக்குப் பின்னால் நான் ஓடினேன்.